கக்கனை ஏன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விட்டுவிட்டோம்?

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கக்கன் பிறந்த நாளான ஜூன் 18ஐ ஒட்டி நடத்திய போட்டி. தலைப்பு, ‘எளிமையின் சிகரம் கக்கன்’. பிள்ளைகள் நன்றாகத் தயாராகி வந்திருந்தார்கள், குரலும் கணீரென்று இருந்தது. ஆனால் ஒருவர் பின் ஒருவராக மேடை ஏறிய எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். மதுரை அரசு ஆஸ்பத்திரி, பொது வார்டு, முன்னாள் மேயர் முத்துவைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., யாரும் அடையாளம் கண்டுகொள்ளாமல் படுத்துக் கிடந்த முன்னாள் மந்திரி கக்கன். கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது, அதை மறுக்கவில்லை.

ஒரே ஒரு பிள்ளை வேறு மாதிரி ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்பு. “எங்க வயலுக்குத் தண்ணி வைகை அணையில இருந்து வருது” என்று தொடங்கி, அணை திறந்த வருசம், அப்போது பொதுப்பணித் துறை யார் கையில் இருந்தது, கள்ளந்திரியைத் தாண்டினால் ஏன் ஒருபோகம் மட்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். தாத்தா சொல்லிக் கொடுத்ததாம். ஆஸ்பத்திரிக்கு அவள் வரவே இல்லை, அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மதிப்பெண் போடும்போது என்னோடு உட்கார்ந்திருந்த இரண்டு நடுவர்களும் அவளுக்குக் குறைத்துப் போட்டார்கள். “தலைப்பை விட்டு வெளிய போயிட்டா மேடம். எளிமையைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லையே” என்றார் ஒருவர். நான் வாதாடிப் பார்த்தேன். மூன்று பேரில் இரண்டு பேர் சொன்னதுதான் நின்றது. அந்தப் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன, அது இன்னும் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த நடுவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நாடே அப்படித்தானே மதிப்பெண் போடுகிறது. ஜூன் மாதமும், அவர் மறைந்த டிசம்பர் 23ஆம் தேதியும், தேர்தல் நேரமும் வந்தால் போதும். வாட்ஸ்அப்பில் கட்டில் கதை வந்துவிடும். தம்பிக்குக் கிடைத்த போலீஸ் வேலையைத் தானே தடுத்தார் என்ற கதை வரும். மந்திரியின் மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்த கதை வரும். வார்டில் கட்டிலில் கிடந்தார் என்று ஒருவர் எழுதுவார், தரையில் கிடந்தார் என்று அடுத்தவர் எழுதுவார். சொல்பவருக்குச் சொல்பவர் வறுமை கூடிக்கொண்டே போகும். கீழே கும்பிடு போட்டு நூறு பேர். அவர் எந்தெந்தத் துறைக்கு மந்திரி, எத்தனை வருசம், என்ன செய்தார், எதில் தவறினார் என்று அந்த நூறு பேரில் ஒருவரும் கேட்பதில்லை.

காமராசரை நினைத்துப் பாருங்கள். அவரும் சொத்து சேர்க்காமல் போனவர்தான். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பள்ளிக்கூடம் வருகிறது, மதிய உணவு வருகிறது, அணைகள் வருகின்றன, மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகச் சொன்ன கே பிளான் வருகிறது. பெட்டியில் இருந்த நாலு வேட்டி சட்டைக் கணக்கு கடைசியில்தான் வரும். கக்கனுக்கு மட்டும் வேலைக் கணக்கே கிடையாது, வறுமைக் கணக்கு மட்டும்தான். காமராசரின் மந்திரிசபையில் இருந்து இவர் பார்த்த வேலையும் காமராசர் பேரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே கதர், ஒரே காலம். சாதி மட்டும்தான் வேறு. இதை நான் ரொம்ப நாள் யோசித்த பிறகே எழுதுகிறேன். ஒரு தலித் தலைவர் ஏழையாகச் செத்தார் என்பதைச் சொல்லி உருகுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பத்து வருசம் அவர் நம்மை ஆண்டார் என்று சொல்ல நாக்கு எழ மாட்டேன் என்கிறது.

கோபுர வாசலில் நின்றவர்

தும்பைப்பட்டி, மேலூரிலிருந்து திருச்சி ரோட்டில் இருக்கிற ஊர். 1908இல் அங்கே பிறந்தார். தகப்பனார் அந்த ஊர்க் கோயிலில் பூசாரியாக இருந்தவர். சொந்தச் சனத்தின் சாமிக்குப் பூசை வைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு மீனாட்சி கோயில் வாசலுக்குள் கால் வைக்க உரிமை இல்லை. அந்த வாசலுக்குள் 1939 ஜூலை 8ஆம் தேதி காலையில் அ. வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு போன ஆட்களில் கக்கனும் ஒருவர்.

அந்தக் காலையைப் பற்றி எழுதுகிறவர்கள் வைத்தியநாத ஐயரின் துணிச்சலை எழுதுவார்கள், வாசலில் நின்று வரவேற்ற நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடுவை எழுதுவார்கள், ராஜாஜி கொண்டுவந்த சட்டப் பாதுகாப்பை எழுதுவார்கள். எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் அடி விழுந்தால் முதலில் யார் முதுகில் விழுந்திருக்கும்? கோயிலை விட்டு வெளியே வந்த பிறகு ஊருக்குத் திரும்பிப் போய் அங்கே குடியிருக்க வேண்டியவர்கள் யார்? உள்ளே போய் வந்த மறுநாளிலிருந்து பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி, தமிழ்ச் சங்கம் ரோட்டில் ஒரு வீட்டில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துக் கும்பிட்ட கூட்டமும் மதுரையில் இருந்தது. இப்படி ஒரு ஊரில், முப்பது வயது இளைஞராக அந்த வாசற்படியில் கால் வைத்தவர் கக்கன். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையின் ஆகப் பெரிய செயல் அதுதான். பேச்சுப் போட்டியில் அதைச் சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு வரி.

பிறகு ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற ஆகஸ்ட் போராட்டம், ஜெயில், அரசியல் நிர்ணய சபை, 1952இல் மதுரையிலிருந்து மக்களவை. காமராசர் முதல்வரானதும் காலியான மாநிலக் காங்கிரஸ் தலைவர் நாற்காலியில் கக்கன் உட்கார்ந்தார். ஆளுங்கட்சியின் மாநிலத் தலைவர், மேலூர்த் தாலுகாவின் சேரிப் பிள்ளை. இன்று எந்தப் பெரிய கட்சியில் அப்படி ஒரு தலைவர் வருவார் என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று பதில் வரவில்லை.

மூன்று இலாகா

1957இல் பொதுப்பணித் துறை, கூடவே அரிசன நலம். 1962இல் விவசாயம். 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறை. பத்து வருசம் விடாமல் மந்திரி. 1959 ஜனவரியில் காமராசர் வைகை அணையைத் திறந்து வைத்தபோது அந்தத் துறை கக்கன் கையில் இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அணை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வைகை அணை நிரம்பினால் 71 அடி என்ற கணக்கு மேலூரில் டீக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்தாலும், அதைத் தேக்கி வைத்து வேண்டும்போது விட வைகையில் அணை வந்த பிறகுதான் ஒரு பிடிமானம் கிடைத்தது. அப்படியும் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். வருசா வருசம் மேலூர்க் கால்வாயில் தண்ணீர் திறக்கச் சொல்லி மறியல் நடக்கிறது. பொதுப்பணித் துறை மந்திரியின் சொந்த ஊரே கடைமடைப் பக்கம்தான். தன் ஊருக்கு ஒரு போகம் கூட்டிக்கொள்ளாதது நேர்மையா, இல்லை கிடைத்த அதிகாரத்தைச் சொந்த மண்ணுக்குப் பயன்படுத்தத் தவறியதா? இரண்டு பக்கமும் மேலூரில் ஆள் இருக்கிறார்கள். எனக்கு இது நேர்மை என்றுதான் படுகிறது, ஆனால் ஒருபோகத்தை நம்பி இருக்கிற சம்சாரியிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் விவாதிக்க வேண்டிய விசயம் இதுபோன்ற ஒன்று. அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை அதன் வாசல் வரைக்கும் வந்திருந்தாள்.

பெரியப்பா கேட்ட கேள்வி

போட்டி முடிந்த வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிய மனிதர், பழைய தி.மு.க. 1965இல் மதுரையில் காலேஜ் படித்தவர். நடந்ததை ஆற்றாமையோடு சொன்னேன். திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“நல்ல மனுசன்தான் தாயி. கையி சுத்தம். அதுல யாரும் கொறை சொல்ல முடியாது. ஆனா அறுபத்தஞ்சுல போலீஸ் மந்திரி யாரு? அதைச் சொன்னாங்களா உங்க பள்ளிக்கூடத்துல?”

சொல்லவில்லை. அணையைப் பற்றிப் பேசிய பிள்ளைகூட அதைச் சொல்லவில்லை. நானும் அதுவரை அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். ஜனவரி 25, மறுநாளிலிருந்து இந்தி ஆட்சிமொழி. காலேஜ் பையன்கள் ஊர்வலமாக மாசி வீதிகளைச் சுற்றி வருகிறார்கள். தியாகராசர் கல்லூரியில் படித்த காளிமுத்து, பின்னாளில் சட்டப்பேரவைத் தலைவரானாரே அவர்தான், அன்றைய போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் ஆபீஸ் கிட்டப் போகும்போது வாய்ச்சண்டை முற்றி அரிவாள் வந்துவிட்டது. பையன்கள் வெட்டுப்பட்டார்கள். ஆபீஸ் முன்னால் குடியரசு நாளுக்குப் போட்டிருந்த பந்தல் எரிந்தது. “நான் ஒரு பூக்கடைக்குள்ள புகுந்துட்டேன். கடைக்கார அம்மா ஈரச் சாக்கை எடுத்து எம்மேல போட்டு, அது மேல பூக்கூடையைத் தூக்கி வச்சுருச்சு. செவ்வந்திப் பூ. இப்பவும் செவ்வந்தி வாசம் அடிச்சா நெஞ்சு படபடங்கும்” என்றார். அப்புறம் காலேஜை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை. ஒத்தக்கடை வரைக்கும் நடந்தே வந்து, அங்கிருந்து ஒரு மாட்டு வண்டியில் ஏறி ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்.

மதுரையில் பற்றியது மாநிலம் முழுக்கப் பரவியது. ஜனவரி 27, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். சிவகங்கைப் பையன், நம்ம பக்கத்துப் பிள்ளை. பிப்ரவரியில் பொள்ளாச்சி, ராணுவம் வந்தது. 60, 70 உயிர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு, வெளியே சொல்கிற கணக்கு அதைப் போலப் பல மடங்கு. டெல்லியில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்யும் அளவுக்குப் போனது. கருணாநிதியைப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். இத்தனையும் நடந்தபோது சென்னையில் உள்துறை மந்திரி கக்கன்.

“அவர் சுடச் சொன்னாருன்னு நான் சொல்லல. பக்தவத்சலம் பிடிவாதக்காரரு, அவர் முடிவுதான் எல்லாம்னு சொல்வாக. இருக்கட்டும். ஆனா மந்திரின்னு நாற்காலில உக்காந்திருந்தா பதில் சொல்லணும்ல? நல்லவரா இருந்தா கேக்கக் கூடாதா?” என்றார் பெரியப்பா.

கேட்கக் கூடாது என்றுதான் நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். இரண்டு கழகங்களும் 1965ஐப் பற்றிப் பேசும்போது பக்தவத்சலம் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். கக்கனைப் பற்றிப் பேசும்போது 1965ஐ விட்டுவிடும். காங்கிரஸ்காரர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பேசாமல் இருப்பதில் தனி நிம்மதி. அவரைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடுகிற தலித் அமைப்புகளும் இந்த இடத்தில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்துபோன நாற்காலி, நம்மில் ஒருவர் உட்கார்ந்தபோது மட்டும் கணக்குக் கேட்கிறீர்களா என்ற கோபம் அது. ஆனால் நான் பார்க்கிற விதம் வேறு. உள்துறை என்பது அலங்காரப் பதவி கிடையாது. கக்கன் அதில் உட்கார்ந்திருந்தார் என்றால் அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா முடிவும் மேலே இருந்தவர் எடுத்தது, இவர் பாவம் கையெழுத்து மட்டும் போட்டார் என்று சொல்வது அவரைக் காப்பாற்றுவது மாதிரி தோன்றும். உண்மையில் அவரைப் பொம்மையாக்குகிறது. மீனாட்சி கோயில் வாசலில் அந்தக் காலையில் நின்றவரைப் பொம்மை என்று சொல்ல நான் தயாராக இல்லை. அதனால்தான் 1965க்கு அவர் பொறுப்பு என்று சொல்கிறேன். அவர் மேல் உள்ள மரியாதையோடுதான் சொல்கிறேன்.

தோற்ற பிறகு

1967இல் அரிசிப் பஞ்சமும் இந்தியும் சேர்ந்து காங்கிரஸைச் சாய்த்தன. காமராசர் விருதுநகரில் தோற்றார், பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார், பூவராகன் ஒருவரைத் தவிர நின்ற மந்திரிகள் எல்லோருக்கும் தோல்வி. மேலூர் தெற்கில் கக்கனைத் தோற்கடித்தவர் தி.மு.க.வின் ஓ.பி. ராமன். பின்னாளில் அவரும் மந்திரியானார். அவரைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தியும் வருவதில்லை.

கட்டில் கதையில் எனக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு. அவர் ஏன் அங்கே கிடந்தார் என்பதுதான் அது. எம்.ஜி.ஆர். பார்த்தார், பதறினார், உதவித்தொகைக்கும் இலவச வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்தார். நல்லது, அதற்காக அவரை வாழ்த்தத்தான் வேண்டும். அதற்கு முந்தைய வருசங்களில் யார் எங்கே இருந்தார்கள்? கட்சி 1969இல் இரண்டாகப் பிளந்தது. காமராசர் 1975இல் போய்விட்டார். மதுரையில் மில் முதலாளிகள், பஸ் முதலாளிகள், வக்கீல்கள் என்று காங்கிரஸ்காரர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மாநிலத் தலைவராக இருந்தவர், பத்து வருச மந்திரி, வாடகை வீட்டில் மருந்துக்குத் தவிக்கிறார் என்பது அதில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்குமா? அந்தப் படுக்கையை அவருடைய எளிமைக்குச் சான்றாகக் காட்டுகிறோம். அது அவரைக் கைவிட்டவர்களைப் பற்றியும் சொல்கிறது, அதை நாம் படிக்க மாட்டேன் என்கிறோம். அவராக ஆசைப்பட்டு எளிமையாக வாழ்ந்தது ஒன்று, மற்றவர்கள் கைவிட்டதால் வந்த வறுமை வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தும்பைப்பட்டியும் மேலவளவும் ஒரே தாலுகா. 1997 ஜூன் 30, கலெக்டரைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தனித் தொகுதியில் நின்று ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம். ஒரு தலித் மாநிலத்துக்கே போலீஸ் மந்திரியாக இருந்து முப்பது வருசம் ஆன பிறகு, அதே மண்ணில் ஒரு தலித் ஊராட்சித் தலைவராக உட்கார முடியவில்லை. ஜூனில்தான் இரண்டு நாளும் வருகின்றன, பன்னிரண்டு நாள் இடைவெளியில். ஒன்றுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். மற்றதை எந்தப் பள்ளியிலும் வாய் திறந்து சொல்வதில்லை. கக்கனின் எளிமையைக் கொண்டாடுவதில் எந்தச் சாதிக்காரருக்கும் சங்கடம் இல்லை, ஏனென்றால் அது யாருடைய இடத்தையும் கேட்பதில்லை. அவருடைய அதிகாரத்தைப் பேச ஆரம்பித்தால் முருகேசனையும் பேச வேண்டி வரும்.

பெரியப்பாவும் நானும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனோம். 1957லிருந்து 1967 வரை சட்டமன்றத்தில் கக்கன் நிறையப் பேசியிருக்கிறார், கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகியே கிடக்கின்றன. அணைகளைப் பற்றி என்ன சொன்னார், அரிசன நலத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் பற்றி என்ன சொன்னார், 1965 துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எதிர்க்கட்சி கேட்டபோது மந்திரிசபைத் தரப்பில் யார் எழுந்து என்ன பதில் சொன்னார்கள் என்பதையெல்லாம் தேடி எடுத்து ஒரே புத்தகமாகத் தொகுக்கலாம். அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டாயிற்று, இனி அவர் சொன்னதைப் படிப்போம். மதுரையிலோ மேலூரிலோ இதற்கு யாராவது முன்வந்தால் தட்டச்சு வேலையும் மெய்ப்புப் பார்ப்பதும் என் பொறுப்பு. முதல் பிரதி அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தாத்தாவுக்கு.